பேச்சு வராத ஆட்டிசப் பிள்ளைக்கு வீட்டில் வாய்ப் பயிற்சி: எதற்கு உதவும், எப்படிச் செய்வது

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாலு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை என்றால், எப்படியாவது ஒரு பட்டியல் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். மெழுகுவர்த்தியை ஊதச் சொல்லுங்கள், விசில் வாங்கிக் கொடுங்கள், கன்னத்தை உப்பச் சொல்லுங்கள், நாக்கை நீட்டி மூக்கைத் தொடச் சொல்லுங்கள், தினம் அரை மணி நேரம். பிள்ளையோ கண்ணாடி முன்னால் உட்காரவே மறுக்கும். இன்னொருவர் செய்வதைப் பார்த்துச் செய்வதே அதற்குக் கடினமான வேலை என்னும்போது, நாக்கை நீட்டச் சொன்னால் அது எப்படி நீட்டும்?

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஊதுவதாலும் நாக்கை நீட்டி மடக்குவதாலும் பேச்சு வந்துவிடும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. பேச்சொலிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இத்தகைய பயிற்சிகள் பயன்படுமா என்று ஆராய்ந்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பும், பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றே முடித்தது. பேசும்போது உதடும் தாடையும் தங்கள் முழு பலத்தில் சிறு பங்கைத்தான் செலவழிக்கின்றன. ஆகவே பலத்தைக் கூட்டுவதால் பேச்சு கூடிவிடாது. எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி, எவ்வளவு வேகத்தில் என்று மூளை ஒழுங்கு போடுவதுதான் பேச்சின் கடினமான பகுதி. அந்த ஒழுங்கு ஒலி எழுப்பிப் பழகும்போதுதான் பழகும்.

அதற்காக வாய்ப் பயிற்சியே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மென்று தின்பது, டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பது, எச்சிலை விழுங்குவது, பல் தேய்க்க வாய் திறப்பது ஆகியவற்றில் நம் பிள்ளைகள் பலருக்கு உண்மையான சிரமம் இருக்கிறது. அங்கே முறையான பயிற்சி அன்றாட வாழ்க்கையையே இலகுவாக்கும். கீழே முதலில் அவற்றையும், பிறகு பேச்சுக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பதையும் தனித்தனியாகச் சொல்கிறோம்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

காது. கூப்பிட்டால் திரும்பாததை ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிட்டு, கேட்கும் திறனைச் சோதிக்காமலே சில வருடங்கள் ஓடிவிடுவது உண்டு. ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலைக் கருவியால் அளக்கும் பேரா (BERA) பரிசோதனையைப் பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடலாம்; அது பதில் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் இருப்பவர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்துத் தொடங்கலாம். அதே நாளில் மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கி மூக்கு அடைத்திருக்கும் பிள்ளை வாயால்தான் மூச்சு விடும். வாய் திறந்தே இருந்தால் எச்சில் ஒழுகத்தான் செய்யும். மூக்கைச் சரிசெய்யாமல் உதட்டை மூடப் பழக்குவது பிள்ளையைத் திணறடிப்பதாகும்.

பல். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தால் பிள்ளை மெல்லாது. வலிக்கிறது என்று சொல்லவும் அதற்கு வழியில்லை. மாவாகப் பிசைந்த சோறு மட்டும் போதும் என்று அடம்பிடிப்பதன் பின்னால் சில நேரம் இதுதான் இருக்கும்.

விழுங்குதல். சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் அடிக்கடி இருமல், கண்ணில் நீர் கோத்துக்கொள்வது, சாப்பிட்டபின் குரல் தண்ணீர் கட்டினாற்போல் கரகரப்பது, திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி: இவற்றில் எது இருந்தாலும் உணவு சம்பந்தப்பட்ட எந்தப் பயிற்சியையும் வீட்டில் தொடங்காதீர்கள். முதலில் மருத்துவரும் விழுங்குதல் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்டும் பார்க்க வேண்டும். வலிப்புக்கோ நடத்தைக்கோ மருந்து எடுக்கும் பிள்ளைக்கு எச்சில் திடீரென்று கூடினால், மருந்து எழுதியவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் எச்சிலைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

நாக்குக்குக் கீழே ஒட்டு இருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாக்கு ஒட்டு சில ஒலிகளைத் திருத்தமில்லாமல் ஆக்கலாம். பிள்ளையை மொத்தமாகப் பேசவிடாமல் செய்யாது. வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவதையும் விட்டுவிடுங்கள். பாட்டிமார்கள் அன்போடு சொல்வதுதான், ஆனால் வசம்பில் உள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை கொண்டது. அதனால் பேச்சு வருவதும் இல்லை.

உட்காருவது

தாடை நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் இடுப்பும் முதுகும் ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்தால் கால் தொங்கக் கூடாது. பாதத்துக்குக் கீழே ஒரு முக்காலியோ பழைய பெட்டியோ வையுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காரும் வீட்டில் அதை மாற்றத் தேவையில்லை. முதுகைச் சுவரோடு சேர்த்து உட்கார வைத்து, தட்டை ஒரு மணைமேல் உயர்த்தி வைத்தால் போதும். தலை நேராக, தாடை சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். நீங்கள் நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், கழுத்து பின்னால் சாயும், விழுங்குவது சிரமமாகும். எதிரே தரையில் உட்காருங்கள். உங்கள் வாயும் அதன் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

மடியில் படுக்கப்போட்டு, கையை அமுக்கிப் பிடித்து, அழும்போது வாய் திறப்பதைப் பார்த்து உள்ளே தள்ளுவது எந்த நிலையிலும் கூடாது. புரை ஏறும் ஆபத்து ஒரு பக்கம். வாயருகே வரும் எந்தக் கையும் பயத்துக்குரியது என்று பிள்ளை கற்றுக்கொள்வது மறுபக்கம். அந்தப் பயத்தைக் கழற்ற மாதக்கணக்காகும்.

நேரம் ஒரு அமர்வுக்கு 3 முதல் 5 நிமிடம். தனியாக ஒரு வகுப்புப் போல நடத்தாமல், பல் தேய்க்கும்போது கொஞ்சம், டிபன் சாப்பிடும்போது கொஞ்சம், சாயங்காலப் பால் நேரத்தில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை தலையைத் திருப்பினால், உதட்டை இறுக்கினால், கையைத் தள்ளினால் அது "வேணாம்" என்று சொல்லிவிட்டது. அங்கேயே நிறுத்துங்கள். பேச்சில்லாத பிள்ளையின் "வேணாம்" மதிக்கப்படுவதுதான் அது மறுநாளும் உங்களிடம் வருவதற்குக் காரணமாக இருக்கும். சித்திரைத் திருவிழா நாட்களில் தெருவெல்லாம் மைக் செட் அலறும்போது, காதைப் பொத்திக்கொண்டு திரியும் பிள்ளையிடம் எதையும் பழக்க முடியாது. அந்த நாட்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

வாயை நெருங்குவது

தொட்டாலே கூசும் பிள்ளையிடம் நேரே வாய்க்குப் போகாதீர்கள். உள்ளங்கையில் தொடங்கி, முழங்கை, தோள், பிறகு தாடையோரம், கன்னம், கடைசியில் உதட்டைச் சுற்றி. ஒவ்வொரு இடத்திலும் உள்ளங்கையால் அழுத்தமாக, நகர்த்தாமல், மூன்று எண்ணும் வரை வைத்து எடுங்கள். மெதுவாகத் தடவினால் கூச்சம் கூடும், அழுத்தினால் அடங்கும். ஒவ்வொரு முறையும் "இப்போ கன்னம், ஒண்ணு, ரெண்டு, மூணு, முடிஞ்சுது" என்று ஒரே வார்த்தைகளில் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். முதல் வாரம் தோளைத் தாண்டவில்லை என்றாலும் பரவாயில்லை. முடிந்தபோதெல்லாம் பிள்ளையின் கைக்கு மேல் உங்கள் கையை வைத்து, அதன் கையாலேயே அதன் கன்னத்தைத் தொட வையுங்கள்.

வாய்க்குள் விரலை விடுவதாக இருந்தால் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் உள்ள வெளிப்பக்கத்தில் மட்டும். பல் வரிசைக்கு நடுவே விரல் போகக் கூடாது. திடீரென்று கடித்தால் அது குறும்பு இல்லை, அனிச்சைச் செயல். பிள்ளையால் உடனே விடவும் முடியாது. அப்படிக் கடித்துவிட்டால் விரலை இழுக்காதீர்கள், சதை கிழியும். தாடை தளரும் வரை அசையாமல் இருங்கள்.

மெல்லுதல்

நம் வீடுகளில் அதிகம் தடுமாறும் இடம் இது. ரசம் சாதத்தையோ பருப்பு சாதத்தையோ குழையப் பிசைந்து, போனில் வீடியோ ஓடவிட்டு, உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளுகிறோம். பிள்ளை அதை நாக்கால் அண்ணத்தில் நசுக்கி விழுங்கிவிடும். ஐந்து வயதிலும் கடைவாய்ப் பல்லுக்கு வேலையே வந்திருக்காது. பிறகு ஒருநாள், "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னும் பிசைஞ்சா ஊட்டுறது" என்று யாரோ சொல்ல, காய் மிதக்கும் சாம்பார் சாதத்தைக் கொடுக்கிறோம். அது அப்படியே வெளியே வரும், அல்லது வாந்தி.

பிள்ளை அடம்பிடிக்கிறது என்று இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீரும் கட்டியும் கலந்த உணவுதான் வாய்க்கு எல்லாவற்றிலும் கடினம். நீரைத் தொண்டைக்கு அனுப்பிக்கொண்டே கட்டியைக் கடைவாயில் நிறுத்தி மெல்ல வேண்டும். காய்த்துண்டு போட்ட குழம்பு சாதம், கட்டியாக வெந்த பருப்புள்ள சாம்பார், சேமியா பாயசம் எல்லாம் இந்த வகை. அவை பட்டியலின் கடைசியில் வர வேண்டியவை. இடையில் ஏற வேண்டிய படிகள் இவை:

1. துணிக்குள் கட்டிய உணவு. நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை அளவு கிழித்து, நடுவில் ஒரு துண்டு பேரீச்சம்பழமோ வேகவைத்த ஆப்பிளோ வைத்து முறுக்கிக் கட்டுங்கள். நீளமான வால் பக்கம் உங்கள் கையில் எப்போதும் இருக்க வேண்டும். முடிச்சுள்ள பக்கத்தைக் கடைவாய்ப் பல்லின்மேல் பக்கவாட்டில் வையுங்கள். கடித்தால் சுவை வரும், துண்டு தொண்டைக்குப் போகாது. ஒரு பக்கம் ஐந்து கடி, மறுபக்கம் ஐந்து கடி. தெரபி கடைகளில் கிடைக்கும் உணவுத் தர சிலிக்கான் கடிகுழலும் இதே வேலையைச் செய்யும், ஆனால் சுவை இல்லாததால் பல பிள்ளைகள் தொடுவதில்லை.

2. எச்சில் பட்டதும் கரைவது. எண்ணெயில் பொரித்த குச்சி வத்தல், விரல் நீளத்துக்கு இருந்தால் மிக நல்லது. ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டு மறுமுனையைக் கடைவாயில் வையுங்கள். "கடி" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். உடையும் சத்தமே பல பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த கடி வரும்.

3. மெத்தென்ற கீற்று. இட்லியை விரல் தடிமனுக்கு நீளவாக்கில் வெட்டியது, தோசைக் கீற்று, நசுங்கும் அளவுக்கு வெந்த கேரட் குச்சி. எப்போதும் பக்கவாட்டில், கடைவாயில். நாக்கின் நடுவில் வைத்தால் பிள்ளை பழைய வழக்கப்படி நசுக்கி விழுங்கிவிடும், நீங்கள் செய்த வேலை வீண்.

4. இழுத்து மெல்வது. சப்பாத்திக் கீற்று, வேகவைத்த முட்டையின் வெள்ளை, பிறகு முருங்கைக்காய். முருங்கைக்காய் ஒரு அருமையான பயிற்சிக் கருவி: பிளந்த துண்டின் நுனியை நீங்கள் பிடித்திருக்க, பிள்ளை பல்லால் சதையை வழித்தெடுக்கும், தாடை, உதடு, நாக்கு மூன்றும் சேர்ந்து இயங்கும். ஆனால் சக்கையை விடாமல் பிடித்திருங்கள். நார் தொண்டைக்குப் போனால் ஆபத்து. பனங்கிழங்கும் கரும்பும் இதே காரணத்தால், நன்றாக மெல்லவும் சக்கையைத் துப்பவும் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்.

5. கடைசியாகக் கலந்த உணவு. அதையும் முதலில் குழம்பைக் கெட்டியாக்கி, காயை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

ஒரு படியில் பிள்ளை பெரும்பாலான தடவைகள் சிரமமில்லாமல் மென்றால் அடுத்ததற்குப் போங்கள். நாள் கணக்கு வைத்துத் தள்ளாதீர்கள். புது உணவு ஒரு வேளைக்கு மூன்று நான்கு கடி போதும். மீதி வயிறு அது எப்போதும் சாப்பிடுவதாலேயே நிறையட்டும். பசியை வைத்துப் பழக்கும் முறையை ஆட்டிசப் பிள்ளையிடம் முயல வேண்டாம். பட்டினி கிடக்குமே தவிர, பல பிள்ளைகள் இறங்கி வராது, எடை குறையும்.

வேர்க்கடலை, சீடை, கடலை மிட்டாய், முழுத் திராட்சை, பாப்கார்ன் இவை மெல்லுதல் முழுதாகக் கைவராத பிள்ளைக்கு என்ன வயதானாலும் கூடாது. மூச்சுக்குழாயை அடைக்கும் அளவும் வடிவமும் கொண்டவை. ஊதப்படாத பலூனும் அப்படியே.

அடைத்துக்கொண்டால்: சத்தமாக இருமிக்கொண்டிருக்கும் வரை இருமவிடுங்கள். இருமல் சத்தம் நின்று, மூச்சும் குரலும் வரவில்லை என்றால், ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். மாறி மாறித் தொடருங்கள், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். பிள்ளை நினைவிழந்துவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். உச்சந்தலையில் தட்டுவதும் தண்ணீர் கொடுப்பதும் உதவாது. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போகும். வீட்டில் இருக்கும் எல்லாரும், தாத்தா பாட்டி உட்பட, இதை நேரில் ஒருமுறை கற்றுவைத்திருப்பது நல்லது.

உதடு மூடுவதும் குடிப்பதும்

எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அது இப்போதைக்கு வேண்டாம். கழுத்து பின்னால் சாய்ந்து நீர் நேரே தொண்டையில் விழும்போது உதட்டுக்கு வேலையே இல்லை, புரையும் ஏறும். பிள்ளைக்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒதுக்குங்கள். விளிம்பைக் கீழுதட்டின்மேல் வைத்து, மேலுதடு இறங்கி வந்து விளிம்பைத் தொடும் வரை சாய்க்காமல் காத்திருங்கள். பிறகு ஒரு வாய் அளவு.

வெறும் தண்ணீரைவிடக் கெட்டியானதில் தொடங்குவது எளிது. மெதுவாக நகர்வதால் வாய்க்கு நேரம் கிடைக்கும். மோர் விட்டுக் கரைத்த கேப்பைக் கூழ் இதற்கு மிகவும் ஏற்றது. ஸ்பூனைச் சாய்த்தால் கட்டியாக விழும் பதத்தில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை மோரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பாலும் நல்ல பதம்தான், ஆற வைத்து, தேங்காய்த் துருவலை வடிகட்டிக் கொடுத்தால். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் கட்டிகள் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் அது வேண்டாம்.

ஸ்ட்ரா பழக்க: பாதியாக வெட்டிய சற்று அகலமான ஸ்ட்ரா. விரலால் மேல் துளையை அடைத்து, உள்ளே கொஞ்சம் பாலை நிறுத்தி, ஸ்ட்ராவைப் படுக்கை வாக்கில் பிள்ளையின் உதட்டில் வையுங்கள். உதடு மூடியதும் விரலை எடுத்தால் பால் வாய்க்கு வரும். சில நாட்களில் பிள்ளை தானாக உறிஞ்சத் தொடங்கும். உதட்டுக்குள் அரை அங்குலத்துக்குக் குறைவாகத்தான் ஸ்ட்ரா போக வேண்டும். பல்லால் கடித்துப் பிடித்தால் இன்னும் வெளியே இழுங்கள்.

ஊட்டும்போதும் இதே விதி. ஸ்பூனையோ விரலையோ நாக்கின் நடுவில் வைத்து லேசாகக் கீழே அழுத்தி, மேலுதடு இறங்கும் வரை காத்திருந்து, நேராக வெளியே எடுங்கள். மேல் பல்லில் வழித்துவிட்டு எடுப்பது வேகமான வழி. ஆனால் உதடு செய்ய வேண்டியதைப் பல் செய்துவிடுகிறது. தட்டையான ஸ்பூன், ஐஸ்கிரீம் மரக்கரண்டி போல, வசதியாக இருக்கும்.

எச்சில் ஒழுகுதல்

நாலு வயதுக்குப் பிறகும் சட்டை நனையும் அளவுக்கு ஜொள்ளு வடிந்தால் கவனிக்க வேண்டும். இழுத்துத் துடைக்காதீர்கள், உதட்டை உரசினால் இன்னும் சுரக்கும். மடித்த துணியால் கீழுதட்டின் கீழே அழுத்தி ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறை ஒற்றும்போதும் உங்கள் தொண்டையைத் தொட்டுக்காட்டி "முழுங்கு" என்று சொல்லி நீங்களும் விழுங்குங்கள். நாளடைவில் தொண்டையைத் தொட்டுக்காட்டுவதே போதும். பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு பருத்தித் துணிப் பட்டையைக் கட்டி, தானே ஒற்றிக்கொள்ளப் பழக்குங்கள்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று கண் மதிப்பில் தெரியாது. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, 10 நிமிடம் பிள்ளை விளையாடும்போது 15 நொடிக்கு ஒருமுறை பாருங்கள். உதட்டில் புது எச்சில் இருந்தால் ஒரு கோடு. மொத்தம் 40 பார்வை. 40இல் எத்தனை கோடு என்பதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு மாதத்தில் எண் இறங்கவே இல்லை என்றால் மூக்கு, பல், மருந்து மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பல் தேய்ப்பது

சின்னத் தலை, மென்மையான நார். மூன்று வயதுக்குள் பேஸ்ட் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. வெறும் ஈர பிரஷில் தொடங்கி, வெளிப்பக்கம் மட்டும், நாலு பகுதியாக, பகுதிக்கு ஐந்து எண்ணி முடியுங்கள். பேஸ்டின் காரமே பல பிள்ளைகளுக்குத் தொல்லை. புதினா இல்லாததைத் தேடி வாங்குங்கள். அதிரும் பிரஷ் சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சிலருக்கு அதைக் கண்டாலே ஆகாது. முதலில் உள்ளங்கையில் வைத்துக் காட்டிப் பாருங்கள்.

பேச்சுக்கு

இங்கே நாக்குப் பயிற்சியை மறந்துவிடுங்கள். ஒலியோடும் பொருளோடும் சேர்ந்தே பழக வேண்டும்.

மூன்று நாள், பிள்ளை தானாக எழுப்பும் ஒலிகளை எல்லாம் எழுதுங்கள். ஊஞ்சலில், குளிக்கும்போது, கோபத்தில். "ஆ", "ம்ம்", "ப்பா" என்று எது இருந்தாலும் அதுதான் உங்கள் கைமுதல். அதிலிருந்து ஒரு அடி மட்டும் தள்ளி உள்ள சொற்களை எடுங்கள். தமிழ் இதற்கு வசதியான மொழி: தா, வா, போ, பூ, அம்மா, மாமா, பால். எல்லாம் உதட்டிலும் நாக்கு நுனியிலும் பிறப்பவை, கண்ணால் பார்க்கக் கூடியவை, சொன்னால் உடனே ஏதாவது கிடைப்பவை. வீட்டில் "குடு" என்றுதான் பேசுவீர்கள் என்றாலும், பழக்கும்போது "தா" எளிது; "கு" தொண்டைப் பக்கம் பிறக்கும் ஒலி, கண்ணுக்குத் தெரியாது. ழ, ற, ர வேண்டாம், அவை பேசும் பிள்ளைகளுக்கே தாமதமாக வருபவை. வீட்டு மொழி சௌராஷ்ட்ரமோ தெலுங்கோ என்றால் அதிலேயே தொடங்குங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளைக்குப் பேச்சு மேலும் தள்ளிப்போவதில்லை.

ஒரே நேரத்தில் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். ஊஞ்சலை நிறுத்திப் பிடியுங்கள். பிள்ளையின் கண் உயரத்துக்கு வாருங்கள். "போ" என்று உதட்டைக் குவித்து, நிதானமாகச் சொல்லித் தள்ளிவிடுங்கள். நாலைந்து முறை இப்படி. அடுத்த முறை உதட்டை மட்டும் மூடிக் காட்டி, பத்து எண்ணும் வரை பேசாமல் காத்திருங்கள். இந்தப் பத்து எண்ணிக்கை பெற்றோருக்கு மிக நீளமாகத் தெரியும். நாம் மூன்றிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை உதட்டை மூடினாலும் சரி, "ஓ" என்று மட்டும் சொன்னாலும் சரி, உங்கள் கையைப் பிடித்து ஊஞ்சலில் வைத்தாலும் சரி, உடனே தள்ளுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றாலும் நீங்களே "போ" என்று சொல்லித் தள்ளிவிடுங்கள். ஊஞ்சலும் சாப்பாடும் பேச்சுக்குப் பிணையாகிவிடக் கூடாது. "சொன்னாத்தான் தருவேன்" என்று பாலை உயர்த்திப் பிடிப்பதால் வார்த்தை வராது, அழுகைதான் வரும்.

ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது, வாய் இடம் தேடித் தடுமாறுகிறது, நேற்று வந்த சொல் இன்று வரவில்லை என்றால், பேச்சை ஒழுங்குபடுத்துவதிலேயே சிக்கல் இருக்கலாம். அப்ராக்ஸியா என்பார்கள். அதற்கு ஸ்பீச் தெரபிஸ்டின் நேரடி உதவி வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. ஊதல் பயிற்சியே மாதக்கணக்கில் ஓடினால், "இது எந்தக் காரியத்துக்கு, எப்படி அளக்கிறீங்க?" என்றும் கேளுங்கள். சோப்பு நுரையில் முட்டை விடுவதும் பீப்பீ ஊதுவதும் விளையாட்டாக, முறை மாற்றி மாற்றிச் செய்யும்போது நல்லவைதான்; பிள்ளை உங்கள் முகம் பார்க்கும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பேச்சு வரும் வரை காத்திருக்காமல்

வாய்ப் பேச்சு எப்போது வரும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. சில பிள்ளைகளுக்கு வராமலும் போகலாம். ஆகவே இன்றைக்கே வேறொரு வழியையும் திறந்துவைக்க வேண்டும்: படம், சைகை, தட்டினால் பேசும் செயலி. படத்தைக் கொடுத்தால் பேச மாட்டான் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. மாற்றுவழித் தொடர்பு பேச்சைத் தடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடவே உதவுகிறது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இயங்கும். ஒன்றும் இல்லாவிட்டால் அட்டையில் ஒட்டிய நாலு போட்டோ போதும்: தண்ணி, ஊஞ்சல், வலிக்குது, வேணாம்.

"வேணாம்" அட்டை முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். மெல்லும் பயிற்சியின்போதும் பல் தேய்க்கும்போதும் அது பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். காட்டினால் நிறுத்த வேண்டும், எண்ணி முடிக்க இன்னும் இரண்டே பாக்கி என்றாலும். பிள்ளையின் கையைப் பிறர் பிடித்து எழுத்துப் பலகையில் நகர்த்தி "பிள்ளை சொன்னது" என்று காட்டும் முறைகளிலிருந்து விலகியிருங்கள். அங்கே வருவது பிள்ளையின் சொல் என்று நிறுவப்படவில்லை.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்தில் வாரந்தோறும் நகரத்துக்கு வர முடியாதவர்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். அட்டை வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்: ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் ஒரு பகுதியாக அடங்கும். ரசீதுகளையும் தெரபிஸ்ட் எழுதித் தரும் சீட்டுகளையும் முதல் நாளிலிருந்தே ஒரு கவரில் சேர்த்துவையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.